ஒரு நட்சத்திரக் குறியின் கதை

ஒரே ஒரு இடைவெளி. அவ்வளவுதான். ஒரு செமஸ்டர் உழைப்பு காணாமல் போக அது போதும்.

யூனிக்ஸிலோ லினக்ஸிலோ சி நிரல் எழுதும் மாணவன் ஒருவன், கம்பைலர் உருவாக்கித் தள்ளிய .ஓ கோப்புகளை எல்லாம் துடைக்க நினைக்கிறான். அடிக்க வேண்டியது: ஆர்எம் *.ஓ. தூக்கக் கலக்கத்தில் விரல் தவறி அடித்தது: ஆர்எம் * .ஓ. நட்சத்திரத்துக்கும் புள்ளிக்கும் நடுவே ஒரு இடைவெளி. கணினி அந்த டைரக்டரியில் இருந்த எல்லாக் கோப்புகளையும் சத்தமில்லாமல் அழித்துவிட்டு, கடைசியில் ரொம்ப மரியாதையாக ஒரு வரி சொல்லும்: ".ஓ என்ற பெயரில் கோப்பு எதுவும் இல்லை."

இது பழைய நகைச்சுவை. 1994ல் வந்த 'யூனிக்ஸ் ஹேட்டர்ஸ் ஹேண்ட்புக்' என்ற புத்தகம் இதை வைத்தே யூனிக்ஸை வறுத்தெடுத்தது. ஆனால் டாஸில் "டெல் *.*" என்று அடித்தால் "நிச்சயமாகவா?" என்று அது ஒருமுறை கேட்கும். யூனிக்ஸ் ஏன் கேட்பதில்லை? யூனிக்ஸை எழுதியவர்கள் இரக்கமில்லாதவர்களா?

இல்லை. பதில் ஐம்பது வருடங்களுக்கு மேல் பழையது. நட்சத்திரக் குறியை யார் விரித்துப் படிப்பது, கட்டளையா அல்லது கட்டளையைக் கூப்பிடுபவரா? இந்த ஒரு கேள்விக்கு இரண்டு குடும்பங்கள் இரண்டு பதில் சொன்னதன் விளைவுதான் இது.

முதலில் மல்டிக்ஸ்

1960களில் எம்ஐடி, ஜெனரல் எலக்ட்ரிக், பெல் லேப்ஸ் மூன்றும் சேர்ந்து மல்டிக்ஸ் என்ற பெரிய இயங்குதளத்தைக் கட்டிக் கொண்டிருந்தன. மல்டிக்ஸில் 'நட்சத்திர மரபு' என்றே ஒன்று உண்டு. பயனாளர் நட்சத்திரம் போட்டுப் பெயர் கொடுத்தால், அது அப்படியே கட்டளையிடம் போய்ச் சேரும். கட்டளை தான் அதைப் பார்த்து, அமைப்பில் இருந்த ஒரு பொது உதவி நிரலைக் கூப்பிட்டு, பொருந்தும் கோப்புகளின் பட்டியலை வாங்கிக் கொள்ளும். இதோடு 'சமக்குறி மரபு' என்று ஒன்றும் உண்டு. பெயர் மாற்றும் கட்டளைக்கு "நட்சத்திரம் பிடித்த பகுதியை அப்படியே புதுப் பெயரிலும் வை" என்று சொல்லலாம். கட்டளைக்கு நட்சத்திரம் தெரிந்ததால்தான் இது முடிந்தது.

1969ல் பெல் லேப்ஸ் மல்டிக்ஸை விட்டு விலகியது. அங்கிருந்த கென் தாம்ப்சன், டென்னிஸ் ரிட்சி முதலானோர் நியூ ஜெர்சியின் மர்ரே ஹில்லில், ஓரமாகக் கிடந்த ஒரு சின்ன பிடிபி-7 கணினியில் யூனிக்ஸைத் தொடங்கினார்கள். பிறகு பிடிபி-11 வந்தது. அதில் இருந்த நினைவகம் மொத்தம் 24 கிலோபைட். அதில் 16 இயங்குதளத்துக்கு. பயனாளர் நிரலுக்கு மிச்சம் 8 கிலோபைட். இன்று ஒரு சின்ன ஐகான் படமே அதைவிடப் பெரிதாக இருக்கும்!

இவ்வளவு குறுகிய இடத்தில், ஒவ்வொரு கட்டளைக்குள்ளும் நட்சத்திரத்தைப் படிக்கும் வித்தையைச் சேர்ப்பது ஆடம்பரம். ஆகவே அவர்கள் வேறு வழி எடுத்தார்கள்.

'குளோப்' என்ற தனி நிரல்

1971 நவம்பர் தேதியிட்ட முதல் யூனிக்ஸ் கையேட்டிலேயே 'குளோப்' என்ற பெயர் இருக்கிறது. 'குளோபல்' என்பதன் சுருக்கம். பயனாளர் அடித்த வரியில் *, ?, [ இவற்றில் ஏதாவது இருந்தால், ஷெல் தானாக எதுவும் செய்யாது. வரியை அப்படியே குளோப்பிடம் தள்ளிவிடும். குளோப் டைரக்டரியைத் திறந்து, பொருந்தும் பெயர்களைப் பொறுக்கி, அகர வரிசைப்படி அடுக்கி, நட்சத்திரம் இருந்த இடத்தில் அந்தப் பெயர்களை வைத்து, பிறகு உண்மையான கட்டளையை இயக்கும்.

விதிகள் மூன்றே மூன்று. * என்றால் எத்தனை எழுத்து வேண்டுமானாலும், எழுத்தே இல்லாமலும் இருக்கலாம். ? என்றால் சரியாக ஒரே ஒரு எழுத்து. [357] என்றால் அந்த மூன்றில் ஏதாவது ஒன்று. [0-9] என்றால் அந்த வரம்புக்குள் ஏதாவது ஒன்று.

இதில் ஒரு சுவாரசியம். இந்த குளோப் முதலில் எழுதப்பட்டது சி மொழியில் அல்ல, ஏனென்றால் சி அப்போது பிறக்கவில்லை! சியின் தாயான பி மொழியில் எழுதினார்கள். யூனிக்ஸின் முக்கியக் கருவிகளிலேயே அசெம்பிளியை விட்டு உயர்நிலை மொழியில் முதலில் எழுதப்பட்டது இதுதான். கோப்புப் பெயரைப் பொருத்திப் பார்க்கும் வேலைக்கும் சி மொழிக்கும் உள்ள உறவு சி பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிட்டது என்று சொல்லலாம்.

வணிகவியல் படிப்பவர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், மல்டிக்ஸில் ஒவ்வொரு கிளையும் தானே கொள்முதல் செய்தது. யூனிக்ஸில் கொள்முதல் எல்லாம் தலைமை அலுவலகத்தில். செலவு மிச்சம், எல்லாக் கிளைக்கும் ஒரே தரம். புதிதாக ஒரு கிளை திறந்தாலும் அதற்கு அந்த வசதி இலவசம். ஆனால் கிளை மேலாளருக்குச் சரக்குதான் வந்து சேரும். ஆர்டரில் என்ன எழுதியிருந்தது என்று அவருக்குத் தெரியாது.

ஆர்எம் கட்டளை ஏன் "நிச்சயமாகவா?" என்று கேட்பதில்லை என்பதற்குப் பதில் இதுதான். அதன் கண்ணில் நட்சத்திரம் படுவதே இல்லை. அது பார்ப்பது வெறும் பெயர்ப் பட்டியல். அந்த நாற்பது பெயர்களையும் பயனாளர் பொறுமையாகக் கையால் அடித்தாரா, ஒரு நட்சத்திரத்தில் முடித்தாரா என்பது அதற்குத் தெரிய வழியே இல்லை. டாஸின் டெல் கட்டளை *.* என்பதைத் தன் கண்ணாலேயே பார்க்கிறது, அதனால் கேட்கிறது.

இதைவிட மோசமான ஒன்றும் உண்டு. இரண்டே கோப்புகள் இருக்கும் டைரக்டரியில் "சிபி *" என்று அடித்துப் பாருங்கள் (வேண்டாதவற்றை வைத்து!). நட்சத்திரம் இரண்டு பெயர்களாக விரியும். முதல் கோப்பு இரண்டாவதன் மேல் பிரதியாகி, இரண்டாவதில் இருந்தது போயே போய்விடும். எந்த எச்சரிக்கையும் வராது.

இன்னொரு குடும்பம்

கேரி கில்டால் 1974ல் சிபி/எம் என்ற இயங்குதளத்தை எழுதினார். பெயருக்கு 8 எழுத்து, பின்னொட்டுக்கு 3 எழுத்து என்று கட்டம் போட்ட மாதிரி கோப்புப் பெயர். அங்கே நட்சத்திரம் ஒரு சுருக்கெழுத்து மட்டுமே. * என்று அடித்தால் அந்தக் கட்டத்தில் மிச்சமிருக்கும் இடமெல்லாம் கேள்விக்குறியால் நிரப்பப்படும். பிறகு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வேண்டியதுதான்.

டிம் பேட்டர்சன் 1980ல் எழுதி, 1981ல் எம்எஸ்-டாஸ் ஆன இயங்குதளம் இதே வழியைப் பின்பற்றியது. இதற்கும் ஒரு விலை உண்டு. டாஸ் காலத்தில் "டெல் *1.டிஎக்ஸ்டி" என்று அடித்தால், '1 என்று முடியும் கோப்புகள் மட்டும் அழியும்' என்று யாரும் நினைப்பார்கள். ஆனால் நட்சத்திரம் வந்ததுமே கட்டம் முழுக்கக் கேள்விக்குறி நிரம்பிவிடும். அதற்குப் பின்னால் வந்த 1ஐ யாரும் மதிக்க மாட்டார்கள். எல்லா டிஎக்ஸ்டி கோப்புகளும் காலி!

ஆனால் "ரென் *.டிஎக்ஸ்டி *.பேக்" என்று ஒரே வரியில் எல்லாக் கோப்புகளின் பின்னொட்டையும் மாற்றும் வசதி டாஸில் இருந்தது. யூனிக்ஸின் எம்வி கட்டளையால் அது முடியாது. காரணம் மேலே சொன்னதே: கட்டளைக்கு நட்சத்திரம் தெரியாது.

இங்கேதான் சி நிரல் எழுதுபவர்கள் மாட்டிக் கொண்டார்கள். யூனிக்ஸில் சி நிரலின் மெயின் ஃபங்ஷனுக்கு ஆர்க்வி வழியாக வருவது விரித்த பட்டியல். டாஸில் வருவது வெறும் நட்சத்திரம்! ஒரே நிரல், இரண்டு இடத்தில் இரண்டு விதம். இதைச் சமாளிக்க மைக்ரோசாஃப்ட் தன் சி கம்பைலரோடு 'செட்ஆர்க்வி' என்ற கோப்பையும், போர்லேண்ட் தன் டர்போ சியோடு 'வைல்ட்ஆர்க்ஸ்' என்ற கோப்பையும் கொடுத்தன. நிரலோடு அதைச் சேர்த்து இணைத்தால், மெயின் தொடங்கும் முன்பே நட்சத்திரம் விரிந்துவிடும். தமிழ்நாட்டுக் கல்லூரி லேப்களில் டர்போ சியின் நீலத் திரையோடு குப்பை கொட்டியவர்களில் எத்தனை பேர் அந்தக் கோப்பைக் கவனித்திருப்பார்கள்?

ஷெல்லுக்குள் வந்த குளோப்

1979ன் ஏழாம் பதிப்பு யூனிக்ஸில் ஸ்டீபன் பூர்ன் எழுதிய புது ஷெல் வந்தது. நினைவகம் ஓரளவு பெருகிவிட்டது. தனி நிரலாக இருந்த குளோப் ஷெல்லுக்குள்ளேயே குடியேறிவிட்டது. கூடவே ஒரு நடத்தை மாற்றம். பழைய குளோப், எதுவும் பொருந்தாவிட்டால் "பொருத்தம் இல்லை" என்று சொல்லி நிறுத்திவிடும். பூர்ன் ஷெல் அப்படி நிறுத்தாது. நட்சத்திரத்தை அப்படியே கட்டளையிடம் கொடுத்துவிடும். பில் ஜாய் எழுதிய சி ஷெல்லோ பழைய வழக்கத்தையே வைத்துக் கொண்டது. இன்றும் லினக்ஸில் பாஷ் பூர்ன் வழியில் நடப்பது இதனால்தான்.

நட்சத்திரத்துக்குப் புள்ளியில் தொடங்கும் பெயர்கள் அகப்படாது என்ற விதியின் பின்னணியும் ரசிக்கத் தக்கது. ஒவ்வொரு டைரக்டரியிலும் '.' என்றும் '..' என்றும் இரண்டு பதிவுகள் இருக்கும். அவை பட்டியலில் வராமல் இருக்க, எல்எஸ் கட்டளையில் 'முதல் எழுத்து புள்ளியா?' என்று மட்டும் பார்க்கும் ஒரு குறுக்கு வழியைப் போட்டார்கள். அதனால் புள்ளியில் தொடங்கும் எல்லாமே மறைந்து போயின. 'மறைந்த கோப்பு' என்ற வழக்கமே இந்தச் சோம்பேறித்தனத்தில் பிறந்ததுதான் என்று பெல் லேப்ஸில் இருந்த ராப் பைக் 2012ல் எழுதினார்.

ஆளுக்கு ஒரு சமையல்

குளோப் ஷெல்லுக்குள் போனதில் ஒரு சிக்கல். ஷெல் அல்லாத சி நிரலுக்கும் பெயர் பொருத்திப் பார்க்கும் தேவை வருமே? கோப்பு தேடும் நிரல், எஃப்டிபி வழங்கி, பேக்கப் எடுக்கும் நிரல்... இவை எல்லாம் என்ன செய்யும்? ஆளாளுக்குத் தானே எழுதிக் கொண்டார்கள்.

அப்படி எழுதப்பட்டவற்றில் இரண்டு நீண்ட நாள் வாழ்ந்தன. ஒன்று, 1986ல் ரிச் சால்ஸ் எழுதிய 'வைல்ட்மேட்'. யூஸ்நெட் செய்திக் குழு மென்பொருள்களில் அது புகுந்தது. அதன் வழி வந்த 'வைல்ட்மேட்ச்' பிறகு ஆர்சிங்க்கிலும் கிட்டிலும் இடம் பிடித்தது. மற்றொன்று, பெர்க்கிலியின் பிஎஸ்டி யூனிக்ஸுக்கு 1986ல் ஆம்ஸ்டர்டாமிலிருந்து ஒருவர் எழுதித் தந்த குளோப் ஃபங்ஷன். அவர் பெயர் கைடோ வான் ராஸம். ஆமாம், 1991ல் பைத்தான் மொழியை வெளியிட்ட அதே ஆள்தான்! பிஎஸ்டியின் மூலநிரல் கோப்பின் தலைப்பில் அவர் பெயர் இன்றும் இருக்கிறது.

கடைசியில் 1992ல் போசிக்ஸ் தரத்தின் இரண்டாம் பகுதி வந்து இதை ஒழுங்குபடுத்தியது. சி நிரலாளர்களுக்கு இரண்டு ஃபங்ஷன்கள் கிடைத்தன. 'எஃப்என்மேட்ச்' வட்டைத் தொடவே தொடாது. ஒரு வடிவத்தையும் ஒரு பெயரையும் கொடுத்தால் பொருந்துகிறதா என்று மட்டும் சொல்லும். 'குளோப்' டைரக்டரியைத் திறந்து, பொருந்தும் பெயர்களின் பட்டியலையே திருப்பித் தரும். வேலை முடிந்ததும் 'குளோப்ஃப்ரீ' கூப்பிட்டு நினைவகத்தை விடுவிக்க வேண்டும்.

புதியவர்கள் வழுக்கி விழும் இடம் ஒன்று: எஃப்என்மேட்ச் பொருந்தினால் 0 தரும், பொருந்தாவிட்டால் வேறு எண் தரும். சியில் 0 என்றால் பொய். எனவே "இஃப் எஃப்என்மேட்ச்" என்று நேரடியாக எழுதினால் எல்லாம் தலைகீழ். பேக்கப் நிரலில் இப்படி எழுதினால், எடுக்க வேண்டியவை விட்டுப் போகும். வேண்டாதவை பத்திரமாக இருக்கும்!

22310 தடவை

பொருத்திப் பார்ப்பது எப்படி நடக்கிறது? 1*9 என்ற வடிவத்துக்கு 12349 பொருந்துமா? முதல் எழுத்து சரி. அடுத்து நட்சத்திரம். அது எத்தனை எழுத்தை விழுங்கியது என்று முன்கூட்டியே தெரியாது. ஒன்றுமே விழுங்கவில்லை என்று வைத்து மிச்சத்தைப் பொருத்திப் பார். தோற்றால் ஒரு எழுத்தை விழுங்கியதாக வைத்துப் பார். அப்புறம் இரண்டு, மூன்று... சியில் தன்னைத் தானே கூப்பிடும் ஃபங்ஷனாக இதைச் சில வரிகளில் எழுதிவிடலாம்.

ஒரு நட்சத்திரம் என்றால் பிரச்சினை இல்லை. பத்து நட்சத்திரம் என்றால்? ஒவ்வொன்றின் ஒவ்வொரு வாய்ப்புக்கும் அடுத்ததன் எல்லா வாய்ப்புகளும் என்று கூட்டு வட்டி மாதிரி ஏறும். வைல்ட்மேட்டின் மூலநிரலில் 1991ல் சேர்க்கப்பட்ட ஒரு குறிப்பு இதை எண்ணிக்கையோடு சொல்கிறது. நட்சத்திரங்கள் நிறைந்த ஒரு வடிவத்தை நீண்ட எழுத்துரு பெயர் ஒன்றோடு ஒப்பிட்டு, 'பொருந்தாது' என்று முடிவு செய்ய 22310 அழைப்புகள் ஆயினவாம். வேறொரு நிரலாளர் சொன்ன சின்னத் திருத்தத்துக்குப் பிறகு 54 அழைப்புகளே!

அந்தத் திருத்தத்தின் சாரம் எளிது. இரண்டாவது நட்சத்திரம் வரை வந்துவிட்டால், முதல் நட்சத்திரத்துக்குத் திரும்பிப் போய் வேறு வாய்ப்பு தேட வேண்டியதே இல்லை. நடுப் பகுதி எவ்வளவு சீக்கிரம் பொருந்துகிறதோ, பின்னால் வருவதற்கு அவ்வளவு அதிக இடம் கிடைக்கும். முதல் பொருத்தத்திலேயே தோற்றால், தாமதமான பொருத்தம் காப்பாற்றாது.

இவ்வளவு எளிய விஷயம் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்ததா? 2017ல் ரஸ் காக்ஸ் பல ஷெல்களையும் மொழிகளையும் எஃப்டிபி வழங்கிகளையும் சோதித்து எழுதியபோது, சிலவற்றில் இன்னும் பழைய கூட்டு வட்டி முறையே இருந்தது தெரிய வந்தது.

வேகம் மட்டுமல்ல, பாதுகாப்பும்தான். 2001 ஏப்ரலில் அமெரிக்காவின் செர்ட் அமைப்பு ஒரு எச்சரிக்கை வெளியிட்டது. பல எஃப்டிபி வழங்கிகள் பெயரை விரிக்கும்போது, ஒதுக்கிய நினைவகத்துக்கு மேல் எழுதிவிடுகின்றன. வெளியாள் அதைப் பயன்படுத்தி உள்ளே நுழைய முடியும். சின்ன வடிவம் மிகப் பெரிய பட்டியலாக விரியும் என்பதை நிரல் எழுதியவர்கள் மறந்ததே காரணம். அதே ஆண்டு நவம்பரில் டபிள்யூயூ-எஃப்டிபிடியில் இன்னொரு ஓட்டை. 2017ல் குனூ சி நூலகத்தின் குளோப் ஃபங்ஷனிலேயே, ~ குறியைக் கையாளும் இடத்தில் ஒரு பைட் கணக்குத் தவறு. ஒரே ஒரு பைட்!

'கோவை'க்கு எத்தனை கேள்விக்குறி?

போசிக்ஸ் தரம் வந்த அதே 1992ல், அதே கென் தாம்ப்சன் ராப் பைக்கோடு நியூ ஜெர்சியில் ஒரு உணவகத்தில் உட்கார்ந்து, மேசை விரிப்புக் காகிதத்தில் யுடிஎஃப்-8 குறியீட்டு முறையை வடிவமைத்தார். இன்று தமிழில் கோப்புப் பெயர் வைக்க முடிவது அதனால்தான். அவருடைய இரண்டு கண்டுபிடிப்புகளும் நம் மொழியில் சந்திக்கும்போது ஒரு வேடிக்கை நடக்கிறது.

? என்றால் சரியாக ஒரு எழுத்து. 'கோவை' என்ற பெயரில் ஒரு கோப்பு இருந்தால் எத்தனை கேள்விக்குறி வேண்டும்? நமக்கு அது இரண்டு எழுத்து: கோ, வை. யூனிக்கோடுக்கு நான்கு: க, ஓகாரக் குறி, வ, ஐகாரக் குறி. எனவே ?? பொருந்தாது, ???? தான் பொருந்தும். ஓகாரக் குறியை ஏகாரக் குறி, கால் என்று இரண்டாகப் பிரித்து எழுதவும் யூனிக்கோடில் இடமுண்டு. அப்படிச் சேமித்திருந்தால் ஐந்து! திரையில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

சி நிரலில் இன்னும் ஒரு படி. நிரலின் தொடக்கத்தில் 'செட்லொகேல்' கூப்பிடாவிட்டால், எஃப்என்மேட்ச் பைட்டுகளைத்தான் எண்ணும். ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட். 'கோவை'க்குப் பன்னிரண்டு கேள்விக்குறி! வேலை செய்யும் நிரல் திடீரென்று தமிழ்ப் பெயர்களை மட்டும் கைவிட்டால், முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

1971ல் 8 கிலோபைட்டுக்குள் வாழ வேண்டியிருந்தவர்கள் எடுத்த முடிவு அன்று சரியானது. நினைவகம் லட்சக் கணக்கில் பெருகிய பிறகும் அந்த முடிவு மாறவில்லை, ஏனென்றால் அதற்குள் எல்லா நிரலும் அதை நம்பி எழுதப்பட்டுவிட்டது. 1990ல் வந்த இசட் ஷெல், "ஆர்எம் *" என்ற வரியைத் தானே அடையாளம் கண்டு "நிச்சயமாகவா?" என்று கேட்கக் கற்றுக் கொண்டது. தலைமை அலுவலகமே கிளைக்குப் பதிலாகக் கேள்வி கேட்கிறது!

மற்ற ஷெல்களில் இருப்பவர்களுக்கு இதே வரலாறு ஒரு நல்ல வழியும் தருகிறது. விரிப்பது ஷெல் என்பதால், எந்தக் கட்டளைக்கும் ஒரே பட்டியல்தான் போகும். எனவே அழிக்கும் முன் ஆர்எம் இருக்கும் இடத்தில் 'எக்கோ' என்று போட்டு, அதே வடிவத்தை ஒருமுறை அடித்துப் பார்த்தால் போதும். எந்தெந்தக் கோப்புகள் போகப் போகின்றன என்று திரையில் வந்துவிடும். ஐந்து வினாடி வேலை. அந்த இடைவெளி விழுந்திருந்தால் அப்போதே கண்ணில் படும்.